அஞ்சலையின் பாட்டிலில் நீந்தியது

நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் லேப் டெக்னீஷியன் பெண், போன மாதம் எனக்குப் போன் செய்தாள். "மேடம், ஜியார்டியாவுக்கு இப்போ எந்தப் பேரு எழுதறது? பழைய சார்ட்டுல ஒண்ணு இருக்கு, புது சார்ட்டுல வேற இருக்கு" என்று கேட்டாள். எனக்குச் சுரீரென்று வந்தது. அவள் மேல் கோபமில்லை, பெயர் வைக்கிறவர்கள் மேல்தான். நான் படிக்கும்போது அதற்கு லாம்ப்ளியா என்று பெயர். நடுவில் இன்டஸ்டைனாலிஸ் என்றார்கள். அப்புறம் டியோடினாலிஸ். ரேஷன் கார்டில் ஓர் எழுத்து மாறினால் எங்களை நாயாய் பேயாய் அலையவிடுகிற உலகம், கண்ணுக்கே தெரியாத ஒரு வயிற்றுப் பூச்சிக்கு மட்டும் மூன்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறது.

வகை பிரிப்பதும் அந்த லட்சணம்தான். சாட்டை மாதிரி வால் வைத்து நீந்துகிற எல்லாவற்றையும் அப்போது ஒரே கூடையில் போட்டுக் கசையுயிரி என்றார்கள். அதைப் பிராணி வர்க்கம் என்றும் சொன்னார்கள். இப்போது பிராணியும் இல்லையாம், செடியும் இல்லையாம், மெட்டாமொனாடா என்று தனிக் கூட்டமாம். "எந்தப் பேரை வேணா எழுதும்மா, ஆனா ரிப்போர்ட்டைப் படிக்கிறவனுக்கு நீ என்ன எழுதினாலும் ஒண்ணுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அஞ்சலையின் ஞாபகம் வந்ததுதான் காரணம்.

எனக்குச் சொந்த ஊரும் வேலை பார்த்த ஊரும் பழவேற்காடுதான். சென்னைக்குப் போய் லேப் படிப்பு படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஹாஸ்டல் சாம்பாரும் பினாயிலும் ஒரே வாசனை. பாடம் எடுத்த சார் ஒரே ஒரு கதை சொன்னார். இந்தக் கசையுயிரியை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவன் ஒரு டச்சுத் துணி வியாபாரியாம். தனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, தானே தேய்த்த பூதக்கண்ணாடியில் தன் மலத்தையே வைத்துப் பார்த்தானாம். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காலத்தில் எங்கள் ஊர்க் கோட்டையில் டச்சுக் கொடிதான் பறந்தது. இங்கிருந்து துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்கள். எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசலை மெனக்கெட்டுக் கட்டி வைத்தவர்கள், ஒரு நல்ல கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? எனக்குக் கொடுத்த மைக்ராஸ்கோப்பில் போக்கஸ் திருகு தானாகவே கீழே இறங்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். மாற்றித் தரச் சொல்லி எழுதி எழுதி என் கைதான் தேய்ந்தது.

அடுத்த தலைவலி சாம்பிள். சுண்டைக்காய் அளவு போதும் என்று தொண்டை வறளச் சொல்லி அனுப்புவேன். தீப்பெட்டியில் வரும். வாழையிலையில் மடித்து நூல் கட்டி, பூப்பொட்டலம் மாதிரி வரும். தோணிரேவுக் குப்பத்திலிருந்து ஒருவர் பெரிய ஊறுகாய் பாட்டிலில் கழுத்து வரைக்கும் கொண்டுவந்தார். "இன்னா பெரியவரே இது?" என்றேன். "இம்மாந்தூரம் வந்துக்கினு கொஞ்சூண்டு குடுத்தா நல்லாவா இருக்கும் மேடம்?" என்றார். யா அல்லாஹ்! சீர்வரிசையா கொடுக்கிறார்?

வேலை என்னவோ சின்ன வேலைதான். ஸ்லைடில் இடது பக்கம் ஒரு சொட்டு உப்புநீர், வலது பக்கம் ஒரு சொட்டு அயோடின். குச்சி முனையில் துளி எடுத்து இரண்டிலும் கலக்க வேண்டும். கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். உப்புநீரில் பூச்சி உயிரோடு ஓடும், ஓட்டத்தைப் பார்க்கலாம். அயோடினில் செத்துவிடும், ஆனால் முட்டை மாதிரி கூடு கட்டிக்கொண்டிருக்கும் சிஸ்ட் தெளிவாகத் தெரியும். ஒரு மூலையில் தொடங்கி, மேலும் கீழுமாக ஓர் இடம் விடாமல் பார்க்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது, கோபத்தோடு பார்த்தாலும் பூச்சி தெரியும்.

எந்தப் பூச்சி எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஏரியில் மீன்பிடிக்கிற இடங்களைக் குப்பத்துக்குக் குப்பம் பங்கு பிரித்து, முறை வைத்து இறங்குவார்கள். அதைப் பாடு என்பார்கள். ஒருத்தர் பாடு இருக்கிற இடத்தில் இன்னொருத்தர் வலை போட்டால் அடிதடிதான். வயிற்றிலும் அப்படித்தான். ஜியார்டியா சிறுகுடலின் மேல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாழும், அதுதான் வயிற்றுப்போக்கு கொடுக்கிற கெட்டது. ஓடும்போது மரத்திலிருந்து இலை விழுகிற மாதிரி புரண்டு புரண்டு வரும். கைலோமாஸ்டிக்ஸ் பெருங்குடல் தொடங்குகிற பையில் கிடக்கும். திருகு மாதிரி சுற்றிக்கொண்டு போகும், ஒரு கெடுதலும் செய்யாது. டிரைக்கோமோனாஸ் வகையில் ஒன்று பெருங்குடலிலேயே இருக்கும், வெட்டி வெட்டி ஓடும். இதைத் தாண்டி யாரும் யார் இடத்துக்கும் போவதில்லை.

ஒரு சமயம் எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மா திருப்பூர்ப் பக்கத்துப் பெண். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், பதவியில் பெரியவர். அவருக்குக் கோபமே வராது. நோயாளி கத்தினாலும் வராது, நான் கத்தினாலும் வராது. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "இன்னொருக்கா பாத்தரலாமுங்களா மேடம்?" என்பார். என் பின்னால் வந்து நின்று சேலைத் தலைப்பால், மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற ஐபீஸைத் துடைப்பார். எண்ணெய்க் கறை படியும், வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டே துடைப்பார். பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்க மாட்டார். "இது எங்கீங்க குடியிருக்குது?" என்பார். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அஞ்சலை வந்தது அவர் காலத்தில்தான். ஏரிக்கரைக் குப்பத்துப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கையாலேயே இறால் பிடிக்கிறவள், எங்கள் பேச்சில் எறா. கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, சேற்றைத் தடவி, அகப்படுகிற எறாவைப் பல்லில் கவ்வியிருக்கும் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது ஓலைக்கூடை. காலையில் இறங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். அவள் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். உள்ளங்கையில் எறாக் கொம்பு குத்திக் குத்தி ஆறாத புண். டாக்டரம்மா களிம்பு கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். "தண்ணியில எறங்காம இருந்தாத்தானுங்க ஆறும்" என்றார். "எறங்காம இருந்தா சோறு யாரு போடுவாங்கோ?" என்று கேட்டாள் அஞ்சலை.

காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுக வேலைகள் வரத் தொடங்கியிருந்த நேரம். கூலிக்காரர்களுக்குச் சோறு போடும் ஒரு கேன்டீனில் பரிமாற ஆள் கேட்டிருந்தார்கள். உலர்ந்த தரையில் நின்று செய்கிற வேலை. அஞ்சலைக்கு அது கிடைத்தால் புண் ஆறும், காலும் பிழைக்கும். ஆனால் சோற்றில் கை வைக்கிறவர்கள் மலப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நல்ல விதிதான், அதில் எனக்குச் சண்டையில்லை.

அவள் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தால் தண்ணீராக இருந்தது. ஸ்லைடில் வைத்தால் கசையுயிரி, ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக ஓடுகிறது. நிறமில்லை. இலை மாதிரி புரளவில்லை, திருகு மாதிரி சுற்றவில்லை, நேராக விர்ரென்று போகிறது. அயோடினில் ஒரு சிஸ்ட் கூட இல்லை. கண்டதை அப்படியே எழுதினேன்: 'கசையுயிரி காணப்படுகிறது. ஜியார்டியா இல்லை. வகை உறுதியாகவில்லை.' கேன்டீன் சூப்பர்வைசர் முதல் வரியை மட்டும் படித்தார். "பூச்சி கீதுன்னு போட்டிருக்குது. கொணப்படுத்திக்கினு வா" என்று அனுப்பிவிட்டார்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை சாப்பிட்டால் வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கும், குமட்டும். அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கி முடித்து, அடுத்த பாட்டில் கொண்டுவந்தாள். அதே கூட்டம், அதே ஓட்டம். அதே தண்ணீர்ப் பதம்.

எனக்கு வந்ததே கோபம்! "இந்தாம்மா, வயித்தால போவுதா இல்லியா? உண்மையைச் சொல்லு" என்றேன்.

"போவல மேடம். கெட்டியாத்தான் போவுது."

"கெட்டியா போனா இது ஏன் தண்ணியா இருக்கு? வேலை போயிடும்னு மறைக்கிறியா?"

"ஐயே, நான் இன்னாத்துக்கு மறைக்கணும்? உன் மாத்திரையத் துன்னு துன்னு எனக்குச் சோறே எறங்கல. இதுல நீ வேற பேஜாரு பண்ற" என்று அவளும் எகிறினாள். வாசலில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா வந்து, "இன்னொருக்கா பாத்தரலாமுங்களா?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்குள் குப்பத்தில் செய்தி பரவிவிட்டது. அஞ்சலை வயிற்றில் பூச்சி கூட்டம் கூட்டமாக இருக்கிறதாம், மாத்திரைக்கே சாகவில்லையாம். அவள் கூடையில் எறா வாங்குகிறவர்கள் பக்கத்துக் கூடைக்குப் போனார்கள். வேலையும் இல்லை, விற்பனையும் இல்லை என்று ஆனது.

மூன்றாவது பாட்டில் வந்த அன்று கரண்ட் இல்லை, வானமும் மூட்டம். வெளிச்சம் போதாமல் ஒரே ஒரு ஸ்லைடு பார்த்தேன், அதே கதை. பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து, தூக்கிப் போடுவதற்கு முன் சும்மா ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்று கூடச் சாகவில்லை.

டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார். "என்னங்க மேடம்?"

"நேத்து வந்தது இன்னும் திருவிழா கொண்டாடிக்கிட்டு இருக்கு. வீட்டுக்குப் போற எண்ணமே இல்ல போல" என்றேன் எரிச்சலோடு.

அவர் ஐபீஸைத் துடைத்தார், பார்த்தார். "வயித்துச் சூட்டுல குடியிருக்கறது, வெளிய வந்து ஒரு ராத்திரி தாங்குமுங்களா?"

"தாங்காது. கொஞ்ச நேரத்துல சுருண்டுடும்."

"அப்ப இது எங்கீங்க குடியிருக்குது?"

முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை. இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தோம். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தோம். நானே செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஒரு டம்ளர் ஏரித்தண்ணீர் மொண்டு வந்தேன். ஸ்லைடில் வைத்தால் அதே கூட்டம், அதே விர்ரென்ற ஓட்டம். மனிதன் வயிற்றுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அஞ்சலையை வரச்சொன்னோம். டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார், "பாட்டில்ல தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தாம?" என்றாள் அஞ்சலை. எங்களைப் பைத்தியங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "காலைல எடுத்தா பஸ்ஸு வர்றதுக்குள்ள காஞ்சி நாறிடாதா? எறாவுக்கே ஏரித்தண்ணி தெளிச்சிதான எடுத்தாறோம். கையில வாங்கிப் பாக்கறவங்களுக்குப் பிரெஸ்ஸா குடுக்க வேணாமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எடுத்த பொருளை ஏரித்தண்ணீரில் நனைத்து, வாடாமல் கொண்டுவந்து கொடுப்பது அவர்கள் தொழில் மரியாதை. அந்த மரியாதையைத்தான் எனக்கும் செய்திருக்கிறாள். அதற்கு அவளுக்கு நாங்கள் கொடுத்தது வாய் கசக்கிற மாத்திரை.

"இங்கேயே இருந்து கொடு. ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்றேன். சொன்னவுடனே வருமா? வராந்தாவில் உட்காரவைத்தோம். டீ கொடுத்தோம், வாழைப்பழம் கொடுத்தோம். நர்ஸ் வந்து கேட்டாள், ஆயா வந்து கேட்டாள், டாக்டரம்மாவும் நடுநடுவே எழுந்து வந்து "ஏதாச்சுமுங்களா?" என்று கேட்டார். "நாலு பேரு வந்து வாயைப் பாத்துக்கினு நின்னா எப்டி வரும்? போங்கோ அந்தாண்ட!" என்று அஞ்சலை கத்தினாள். மத்தியானத்துக்கு மேல்தான் கிடைத்தது. கெட்டியாகத்தான் இருந்தது, அவள் பொய் சொல்லவில்லை.

உப்புநீரில் ஒன்றும் ஓடவில்லை. அப்பாடா என்று அயோடின் பக்கம் தள்ளினேன். ஓரத்தில் ஒன்று, சின்னதாக எலுமிச்சம்பழம் மாதிரி, ஒரு முனையில் குமிழோடு கிடந்தது. கைலோமாஸ்டிக்ஸ் சிஸ்ட். சனியன், வேறு நாளே கிடைக்கவில்லையா அதற்கு! நிஜமாகவே மனிதக் குடலில் வாழ்கிற கசையுயிரிதான், ஆனால் நோய் செய்யாது, மருந்து தேவையில்லை. கண்டதை எழுதுவதுதான் என் வேலை. எழுதினால் அந்த சூப்பர்வைசர் மறுபடியும் முதல் வரியில் நின்றுவிடுவார்.

"என்ன எழுதட்டும்?" என்று டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "உங்க கையெழுத்துத்தான் கீழே. நீங்களே சொல்லுங்க."

"இருக்கறத எழுதுங்க மேடம்" என்றார்.

"எழுதினா இவ பொழப்பு போச்சு!"

"எழுதாம விட்டா, நாளைக்கு நாம எழுதற எதையும் நாமளே நம்ப முடியாதுங்க. நீங்க பாத்தத எழுதுங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் எழுதறனுங்க." அப்போதும் குரல் உயரவில்லை. 'நோய் செய்யாத வகை. சிகிச்சை தேவையில்லை. உணவு பரிமாறும் பணிக்கு முழுத் தகுதி' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒன்றுக்கு இரண்டாக சீல் குத்தினார். முந்தைய மூன்றும் ஏரித்தண்ணீர் கலந்த சாம்பிள், செல்லாது என்றும் எழுதினார்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அஞ்சலையோடு ஷேர் ஆட்டோவில் போனேன். அந்த ஆளுக்குப் படித்துச் சொல்ல ஒருத்தி வேண்டுமே. தலைக்கு எண்ணெய் வைத்து, இருக்கிறதில் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். நான் கத்தினது மனதில் இருந்தது, வழியெல்லாம் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். கேன்டீன் வாசலில் இறங்கும்போதுதான், "குடுத்துருவாங்களா மேடம்?" என்று கேட்டாள். "குடுக்காம எங்க போவான்" என்றேன்.

சூப்பர்வைசர் ரிப்போர்ட்டை வாங்கினார். முதல் வரியில் கண் நின்றது. நான் விரலை வைத்து அடுத்த வரிகளை உரக்கப் படித்தேன். பூச்சி எங்கே வாழும், என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழிலும் சொன்னேன். அவர் நடுவில் கை காட்டினார். "அதெல்லாம் சரிம்மா. அந்த வேலைக்கு ஆள் போட்டாச்சி."

"எப்போ?"

"போன வாரமே. ஒண்ணும் இல்லேன்னு சுத்தமா ரிப்போர்ட் குடுத்துச்சி அந்தப் பொண்ணு." எடுத்துக் காட்டினார். வெளியூர் லேப் ஒன்றின் தாள். மூடியைக் கூடத் திறக்காமல் எல்லோருக்கும் 'ஒன்றுமில்லை' என்று அச்சடித்துக் கொடுக்கிற இடம் அது. எனக்கு ரத்தம் கொதித்தது.

அஞ்சலை அந்தத் தாளைப் பார்த்தாள். "அந்தப் பொண்ண எத்தினி தபா பாத்தாங்கோ?" என்று கேட்டாள்.

"ஒரு தபாதான்."

"என்னிய நாலு தபா பாத்துக்கிறாங்கோ. ரெண்டு பேரு கண்ணாடி போட்டுக்கினு பாத்துக்கிறாங்கோ. இந்தக் கேன்டீன்ல என்னியவிட சுத்தமானவன்னு எழுதி வாங்கினவ எவளாச்சும் கீறாளா?"

அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தலையைச் சொறிந்தார். "தட்டு கழுவறதுக்கு ஓர் ஆள் வேணும். அதுக்கு இந்த டெஸ்டு, ரிப்போர்ட்டு எதுவும் வேணாம். நாளைக்கே வரலாம்" என்றார். சோறு போடுகிறவளுக்குப் பரிசோதனை, அதே சோறு விழுகிற தட்டைக் கழுவுகிறவளுக்கு வேண்டாமாம். நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் உள்ளங்கைப் புண் என் மணிக்கட்டில் சொரசொரவென்று பட்டது.

"கழுவற தண்ணி இன்னா தண்ணி சார்? நல்ல தண்ணியா?" என்று கேட்டாள்.

"போர் தண்ணிதான்" என்றார்.

அந்தக் கரையில் எந்த போரில் உப்பில்லாத தண்ணீர் வந்திருக்கிறது? அது அவளுக்கும் தெரியும். செருப்புக்குள் துணி சுற்றியிருந்த தன் கால் விரல்களைக் குனிந்து பார்த்தாள்.

"கழுத்து வரைக்கும் இருக்காதில்ல?" என்றாள். "சேத்துக்கோங்கோ சார்."